ஊருக்கெல்லாம் ஒரே ராசி

சித்திரபானு வருஷம், சித்திரை 1

காலையில் மூடுபனி. பிறகு நல்ல வெயில். பள்ளிக்கூடம் இல்லை. கூரையில் இரண்டு இடத்தில் ஓட்டை. புல் மாற்ற ஆள் பார்க்க வேண்டும்.

சேந்தமங்கலம் இறங்கினால் வாங்க வேண்டியவை: காய்ச்சலுக்குக் கொய்னா, சாக்கட்டி, உப்பு, மண்ணெண்ணெய் (கிடைத்தால்). அரிசி கேட்கவே வேண்டாம். பர்மா அரிசி நின்றுபோனதிலிருந்து, கேட்பவனைக் கடைக்காரன் மேலும் கீழும் பார்க்கிறான். இந்த வருஷம் மலையில் விளைகிற சாமைதான் மலைக்குச் சோறு.

என் வீட்டுக்காரி மரகதம் இன்று ஊரார் முன்னால் பஞ்சாங்கம் படித்தாள். போன ஆனியில்தான் மாற்றலாகி இங்கே வந்தோம். எங்களுக்கு மலையில் இது முதல் சித்திரை. அவளுடைய மாமன் ராசிபுரத்தில் ஜோசியர். அவரிடம் கற்றுக்கொண்டது. எனக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்து வாசலில் மஞ்சள் பூசிய பஞ்சாங்கத்தோடு அவள் உட்கார்ந்த தோரணை, நான் பாடம் நடத்தும்போது எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

மழைப் பலன்: கடலுக்குப் பத்துப் பாகம், மலைக்கு ஆறு, பூமிக்கு நாலு.

நெட்டை வெள்ளையன் எழுந்து, "மலைக்கு ஆறுன்னா நம்ம மலைக்கு மட்டுமுங்களா, பச்சைமலைக்கும் சேத்துங்களா?" என்றான்.

ம. சிரிக்கவில்லை. "எல்லா மலைக்கும் சேத்துத்தானுங்க. நம்முது ஒசரம், நமக்குத்தான் மொதல்ல." எல்லோருக்கும் திருப்தி.

சித்திரை 2

வெயில். வயிறு சரியில்லை. பலாச்சுளை அதிகம்.

காலையிலிருந்து ஆளாளுக்கு ராசி பலன் கேட்டு வருகிறார்கள். பிறந்த நாள், நேரம் யாருக்கும் தெரியாது. "சாமை அறுக்கையில பொறந்தேனுங்க." "பெரிய காத்துல பலா மரம் சாஞ்ச வருசமுங்க." சரி, பேரின் முதல் எழுத்தைக் கொண்டு நட்சத்திரம் பார்ப்பது என்று ம. முடிவு செய்தாள். ஜாதகம் இல்லாதவர்களுக்கு அதுதான் வழக்கமாம்.

அங்கேதான் வினை. இந்த ஊரில் மூத்த பிள்ளைக்குக் குலசாமி பேர், வெள்ளையன். இளையவனுக்கும் பல வீடுகளில் அதே பேர். பெண் என்றால் வெள்ளையம்மாள். பெரிய, சின்ன, நெட்டை, மேட்டுக்காட்டு என்று முன்னால் ஒட்டிக் கூப்பிட்டு ஒப்பேற்றுகிறார்கள். எல்லோருக்கும் முதல் எழுத்து 'வெ'. மிருகசீரிஷம். ரிஷப ராசி. ஊரே ரிஷபம்.

ரிஷபத்துக்கு இந்த வருஷம் ஜன்மச் சனி. ஆதாயம் 2, விரயம் 11.

ஒருத்தனுக்குச் சொன்னால் அவனோடு போகும். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே முகம்.

சித்திரை 4

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. மண் வாசனை. பையன்கள் பாதிப் பேர் வரவில்லை, காட்டு வேலை இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் காட்டில் ஒருவரும் இல்லை.

காரணம்: முதல் ஏர் போகாமல் இங்கே யாரும் விதை தொட மாட்டார்கள். அதைப் பிடிப்பது ஒரே வம்சம். அவர்களில் மூத்தவர் பெரிய வெள்ளையன் (இனி பெ.வெ.; இந்த ஊரில் முழுப் பேர் எழுதிக்கொண்டிருந்தால் மை தாங்காது). ராசி பலன் கேட்டதிலிருந்து அவர் மாட்டேன் என்கிறாராம். தம்பிமார், மக்கள், எல்லோரும் வெள்ளையன்கள், அவர்களும் மாட்டோம் என்கிறார்கள். ஈரம் காய்ந்தால் விதை முளைக்காது. மழை தப்பினால் சாமை தப்பும்.

ம. நாள் முழுக்கப் பஞ்சாங்கமும் கையுமாக இருந்தாள். குழம்பில் உப்பு இல்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு நானே ஆரம்பித்தேன். பெரிய வெள்ளையன் என்றால் முதல் எழுத்து 'பெ' தானே, கன்னி ராசி என்று சொல்லிவிடேன்.

"ஒட்டுப் பேருக்கு நட்சத்திரம் கிடையாதுங்க. உங்களை ஒத்தை வாத்தியாருங்கறாங்க. 'ஒ'ன்னா ரோகிணி. அப்பவும் ரிஷபந்தான்."

அப்படியானால் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல், ஒரு சின்னப் பொய்தானே என்றேன். பார்த்தாள் ஒரு பார்வை.

"ஏனுங்க, இன்னைக்கி மாத்திச் சொன்னா நாளைக்கி நான் சொல்ற நல்லத யாரு நம்புவாங்க? உங்க பள்ளிக்கூடத்துல வாய்ப்பாட்ட மாத்துவீங்களா?"

கோபம் எனக்கு. அதோடு கொஞ்சம் பெருமை. நேரில் சொல்லப் போவதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

சித்திரை 5

மேகம், மழை இல்லை. ம. சுவரில் கரிக்கட்டியால் இந்த வருஷத்து வேலைகளை எழுதியிருக்கிறாள். ஆடிக்கு முன் கூரை. ஆவணியில் அவள் தங்கை கல்யாணத்துக்கு ராசிபுரம். எலுமிச்சை ஊறுகாய், வளர்பிறையில். நான் மூக்குப்பொடியை நிறுத்த நல்ல நாள், வரும் வியாழன். ஊறுகாயும் கூரையும் எந்த மாதமானாலும் செய்கிற வேலைதான். ஆனால் "கிரகம் சொல்லுது" என்று அவள் ஏவினால் எனக்கு எதிர்க்கேள்வி வருவதில்லை. நவகிரகமும் அவள் பக்கம், நான் ஒற்றை ஆள்.

சித்திரை 6

இரண்டு பேருமாக பெ.வெ. ஊட்டுக்குப் போனோம். ('ஊடு' என்றே எழுத வந்துவிட்டது, இருக்கட்டும்.) வாசலில் விதைக் கூடை கட்டியபடியே. மனுஷர் மெலிந்துவிட்டார். மோர் கொடுத்தார்.

ம. தான் கேட்டாள், ஜன்மச் சனி என்றால் ஏர் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லையே என்று.

அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வருசம் மொத ஏரு நாந்தான் புடிச்சேனுங்க. நாளும் பாக்கல, கோளும் பாக்கல. ஐப்பசியில நல்லம்மாளக் காச்ச கொண்டுபோயிருச்சு. இந்தக் கைதானுங்க. அன்னைக்கி ஒரு ஊட்டோட போச்சு. இப்ப ஊருக்கே ஒரே ராசிங்கறீங்க. நான் ஏரத் தொட்டா ஊரு முச்சூடும் போயிருமே சாமி."

நல்லம்மாள் அவர் மனைவி. நாங்கள் வந்த புதிதில் எங்களுக்கு அடுப்பு போட்டுக் கொடுத்த புண்ணியவதி. மலைக்காய்ச்சல். என்னிடமிருந்த கொய்னா போதவில்லை.

கை என்ன செய்யும், காய்ச்சல் கொசுவால் வருவது என்று விளக்க ஆரம்பித்தேன். ம. என் முழங்கையைத் தொட்டாள். நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியது சரிதான்.

திரும்பும் வழியில் ஓடை தாண்டும்போது, "அவர் பயப்படறது அவருக்காக இல்லீங்க" என்றாள். எனக்குத் தோன்றாமல் போயிற்று அது.

சித்திரை 8

காலையில் தூறல். ஈரம் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறாராம், தேதி இல்லை.

பத்து மணிக்கு ம. பஞ்சாங்கத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் பின்னால். பெ.வெ. வாசலில் நாலைந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ம.: "ஏனுங்க, மொத ஏரு போகையில காட்டுல மொதல்ல காலு வெக்கறது ஆருங்க?"

பெ.வெ.: "நாந்தானுங்க."

"நீங்க ஏருக்குப் பொறத்தாலதானுங்களே வாரீங்க?"

யோசித்தார். "மாடுங்க."

"மாட்டுக்குப் பேரு?"

"மயிலைங்க. சோடி செவலை."

உட்கார்ந்தாள். விரல் மடக்கினாள். செவலை: 'செ', அசுவினி, மேஷம், சுமார். மயிலை: 'ம', மகம், சிம்மம். சிம்மத்துக்குக் குரு பதினொன்றாம் இடத்துக்கு வருகிறார். "லாப ஸ்தானமுங்க. இந்த ஊருலயே இந்த வருசம் இத்தன நல்ல ராசி மயிலைக்குத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றினேன். நெட்டை வெள்ளையன் எழுந்து போய் மயிலையின் கழுத்தைத் தடவிவிட்டு வந்தான். நாளைக்கே நாள் நல்லது என்று குறித்தார்கள். செவலை அரை அடி பின்னால் வர வேண்டும், அதற்கு ஆள் வைப்பது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், மாட்டுக்கு ராசி பார்க்கலாம் என்று உன் மாமன் சொன்னாரா?

"பாக்கக் கூடாதுன்னு சொல்லலீங்க."

பத்து வருஷமாக இவளோடு குடித்தனம். இன்னும் பிடிபடவில்லை.

சித்திரை 9

வானம் தெளிவு. ஊரே காட்டில். மயிலைக்கு மஞ்சள், குங்குமம், கொம்பில் பூ. அதற்குத் தன் பெருமை தெரியவில்லை, வரப்புப் புல்லைத்தான் பார்த்தது. வலது முன்னங்காலை முதலில் வைத்தது. பெண்கள் குலவை. செவலையைப் பிடித்திருந்தவன் வழுக்கி விழுந்தான், நல்லவேளை பின்பக்கமாக.

பெ.வெ. மேழியைப் பிடித்து ஒரு சுற்று வந்தார். கூடையைக் கொடுத்தார்கள். விதையில் கை வைக்காமல் நின்றார். எல்லோரும் காத்திருந்தோம்.

ம. பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் கேட்டார். "போன வருசமே இந்த மாட்டக் கேட்டிருந்தா அவ இருந்திருப்பா, இல்லீங்களா?"

மாட்டு ராசியை ரசித்ததெல்லாம் அந்த நிமிஷம் கசந்துபோயிற்று. ம. என்ன சொல்லப் போகிறாள் என்று அவளைப் பார்க்கவே பயந்தேன். ஆமாம் என்றால் நல்லம்மாளைக் கொன்றது அவர் கை என்றாகும், இல்லை என்றால் மயிலை வெறும் மாடு.

அவள் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"போன வருசம் நீங்க தொட்ட வெதயத்தானுங்க இந்த ஊரு இத்தன நாளாத் தின்னுது. அறுத்ததும் நல்லம்மாக்கா எனக்கு ஒரு படி கொண்டாந்து குடுத்துச்சு. எங்கூட்டுக்காரரு கையில விளைஞ்சது, தின்னு பாரு கண்ணுன்னு சொல்லுச்சுங்க."

பெ.வெ. கூடைக்குள் கை விட்டார்.