பிளக் வயர் மாற்றிய நாள்

இராஜாக்கமங்கலம்
14.11.2024

அன்புள்ள மக்களே ஜினி,

ஆண்டவருடைய கிருபை குவைத்தில் உன்னோடு இருக்கட்டும். இங்கே நானும் மாமியும் ஓரளவு சுகமாக இருக்கிறோம். போன் இருக்கிற காலத்தில் மாமா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு உன்னையும் அழவைத்துவிடுவேன். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஜெப்சி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாள். அவள் கையில் இதையும் கொஞ்சம் ஏத்தங்காய் வற்றலையும் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விடாமல் பெய்கிறது. கும்பப்பூ நெல் நட்ட வயலெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. அடுக்களைப் பக்கம் ஓடு ஒழுகுகிறது, வெயில் வந்த பிறகுதான் ஆள் ஏற்ற வேண்டும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ எழுதித் தந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கடைசியாகப் போன் செய்தபோது, உங்கள் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் மார்த்தாண்டத்துப் பையன் ஜாஸ்பர் உன்னைக் கல்யாணம் செய்யக் கேட்கிறான் என்று சொன்னாய். நாங்கள் இருவரும் மனதாரச் சரி என்றால்தான் அவனிடம் பதில் சொல்வேன் என்றும் சொன்னாய். மாமி போனை மேசையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். நீ அந்தப் பக்கம் "மாமி, மாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். அவளைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே, மக்களே. அவளுக்கு உன்மேல் கோபமில்லை. உன்னைக் கட்டிய தன் பிள்ளை ஜெபிஷ் இறந்துபோனான் என்பதையே அவள் அதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கத்தார் கேம்பில் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்ததும், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அவன் பெட்டியை வாங்கி வந்ததும் உனக்குத் தெரியாததல்ல. நாளாகிவிட்டது, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். மூடியபடியே அடக்கம் செய்தோம். நீயும் மாமியும் பக்கத்தில்தான் நின்றீர்கள். நீ அழுதாய், அவள் அழவில்லை. அவளுக்குத் தைரியம் என்று ஊரார் சொன்னார்கள். பெட்டிக்குள் இருந்தது வேறு யாருடைய பிள்ளையோ என்று அவள் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு வருஷமாக அவனுடைய பைக்கைத் தினமும் துடைத்து வைத்ததும் அதனால்தான். லீவுக்கு வருகிற பிள்ளைக்கு வண்டி சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

நீ போன் செய்ததற்கு மறுநாள் காலை, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து அவள் அலறினாள். பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடினேன். எலி உள்ளே புகுந்து இரண்டு பிளக் வயரையும் கடித்துப் போட்டிருந்தது. செம்பு வெளியே தெரிந்தது. "என் பிள்ளைக்க வண்டிய எலி தின்னுட்டு. நீங்க பாத்துட்டு நிக்கிதிய" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மழையிலேயே கோட்டாறுக்குப் போனேன். அவன் பிறப்பதற்கு முன்னால் வந்த வண்டி, இரண்டு சிலிண்டர். அதற்கென்று வயர் இப்போது வருவதில்லையாம். கடைக்காரர் அளவு பார்த்து வேறொன்று வெட்டித் தந்தார். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸ்டெனி, ஜெபிஷோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவன், வந்து பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவி, பேட்டரி மாற்றிக் கொடுத்தான். "வயரையும் நான் மாட்டிருதேன், அப்பா" என்றான். வேண்டாம், அதை நான் செய்கிறேன் என்றேன். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பியோடு கிடந்தவன் நான். இதுகூடவா முடியாது என்று நினைத்தேன்.

பெட்ரோல் டாங்க்கைக் கழற்றினால் அடியில் இரண்டு இக்னிஷன் காயில்கள். அதிலிருந்துதான் வயர் பிளக்குக்கு வருகிறது. வலது பக்கத்து வயரில், காயிலுக்குப் பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எப்போதோ அங்கே வெடித்திருக்கிறது, ஜெபிஷ் ஒட்டுப்போட்டிருக்கிறான். பார்த்ததும் அவன் கை என்று தெரிந்துவிட்டது. டேப்பை நாமெல்லாம் ஒரு பக்கமாகச் சுற்றுவோம். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அவன் இடதுகைக்காரன் அல்லவா. ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சுற்றியிருந்தான். வெட்டுக்குறடைக் கையில் வைத்துக்கொண்டு அந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு வெட்டினேன். வெட்டாமல் புது வயர் ஏறாது.

புது வயர்களை அளந்து, ஒரு முனையைக் காயிலில் திருகி, மறுமுனையில் மூடி போன்ற கேப்பை மாட்டி, பிளக்கில் பொருத்தி, டாங்க்கைத் திரும்ப ஏற்றினேன். ஸ்டெனி கிக்கரை உதைத்தான். ஒரு பக்கத்துச் சிலிண்டர்தான் அடித்தது. வண்டி நொண்டுவது போல் ஒரு சத்தம். வலது கேப் சரியாக ஏறவில்லை. கழற்றி மறுபடி இறுக்கினேன். அடுத்த உதைக்கு இரண்டு சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. ஷெட் முழுக்கப் புகை. அந்தச் சத்தத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் முடிந்த வாரம் நீ பின்னால் உட்கார்ந்து பேச்சிப்பாறை வரைக்கும் போய் வந்தாயே, அதே சத்தம்.

அடுக்களைப் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள் மாமி. அங்கிருந்து அவள் குரல் கேட்டது: "மக்கா, வந்தியா? கையக் கழுவிட்டு இரி, சோறு போடுதேன்."

ஸ்டெனி தலையைக் குனிந்துகொண்டான். கையில் மீன் செதிலோடு அவள் சிரித்துக்கொண்டே வந்தாள், ஜினி. அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. ஷெட் வாசலில் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வண்டியின் காலி சீட்டைப் பார்த்தாள். நான் சாவியைத் திருப்பப் போனேன். "நிறுத்தாதிய" என்றாள். பெட்ரோல் கொஞ்சம்தான் ஊற்றியிருந்தோம். அது தீர்ந்து வண்டி தானாக நிற்கும்வரை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சத்தம் நின்றதும், "அவன் இனி வரமாட்டான், இல்லியா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான், இல்லை, வரமாட்டான் என்றேன். அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அடக்கத்தன்று அழாத அழுகை. ஸ்டெனி பக்கத்து வீட்டு நேசமணி அக்காளைக் கூட்டி வந்தான். அக்காள்தான் அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள்.

அதன்பிறகு இரண்டு மூன்று நாள் அவள் எழுந்திருக்கவில்லை. கஞ்சி மட்டும் குடித்தாள். ஒரு மத்தியானம் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "ஜினிக்கு என்ன வயசு ஆவுது?" என்று கேட்டாள். இருபத்தொன்பது என்றேன். "சின்னப் பிள்ளையல்லா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எழுதுங்க. எனக்கு இப்ப பேச வராது. கொஞ்ச நாள் ஆவட்டு" என்றாள். இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

வண்டியை ஸ்டெனி எடுத்துப்போகட்டும் என்று சொன்னதும் அவள்தான். போன சனிக்கிழமை வந்து ஓட்டிப்போனான். அவள் வாசலுக்கு வரவில்லை, நான் மட்டும் நின்றேன். ஷெட் காலியாகக் கிடப்பதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பழகிவிடும்.

ஆகையால், மக்களே, ஜாஸ்பரிடம் சம்மதம் சொல். அவன் வீட்டாரை வரச்சொல், நான் பேசுகிறேன். உன் அப்பா நீ சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார் என்று இந்த நேரத்தில் நீ மனம் கலங்காதே. கோயிலில், இந்தப் பெண்ணை விவாகம் செய்துகொடுப்பவர் யார் என்று போதகர் கேட்கும்போது நான் எழுந்து நிற்கிறேன். உன் கையைப் பிடித்து நானே அந்தப் பையனிடம் கொடுக்கிறேன். என் மகனுக்குச் செய்ய முடியாமல் போனதையெல்லாம் உனக்குச் செய்ய ஆண்டவர் எனக்குப் பெலன் தரவேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

அவர் உனக்கு நீண்ட ஆயுசுள்ள புருஷனையும் பிள்ளைகளையும் தரட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் பிறந்து லீவுக்கு வரும்போது, மார்த்தாண்டத்திலிருந்து ஒருநாள் இங்கேயும் கூட்டிக்கொண்டு வா. மாமி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விடுவாள். எங்களைத் தாத்தா, பாட்டி என்று கூப்பிடச் சொல்லிக்கொடு.

உன் அப்பா,
ராஜையன்