ஒரே பைப்பில் போன இரண்டு லைன்

பாய்,

இன்னிக்கு பழைய தோல் ஷெட்டில் கம்ப்யூட்டர் லைன் சுவர்ப்பெட்டியைத் திறந்தேன். கேபிள் முனையைப் பிடுங்கிப் பார்த்தால், தங்கமாய் மின்னின ஊசியெல்லாம் கறுத்துக் கிடக்குது. கூடவே தோல் ஊறுற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமிருந்து அந்த அழுகின முட்டை வாடை. இந்தக் காத்து செம்பையும் தின்னும் என்று ஆம்பூரிலேயே முதலில் கண்டுபிடிச்சது நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கண்டுபிடிச்சது நீ. உன்னிடம் சொல்வதற்கென்ன.

நீ போய் ஒரு வருஷம் ஆகுது.

நான் எட்டாவதோடு நின்ற ஆள். வேலூர்க் கோட்டை அகழிக்குக் குறுக்கே கேபிள் இழுத்தவன் என்று சொல்லித்தான் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நிஜத்தில் இழுத்தது குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடைக்கு இன்டர்காம். அது உனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. "அகழில முதலை இருந்துச்சா தோஸ்த்?" என்று மட்டும் கேட்டாய். மூணு இருந்துச்சு என்றேன், ஷெட்டு பூரா அந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சது. அன்னியிலிருந்து நாம் சேர்ந்தே சாப்பிட்டோம்.

உன் பொறுப்பில் இருந்த சர்வர் பழைய ஷெட்டில். ஷூ பேக்கிங், கப்பலுக்கு அனுப்புற பேப்பர் எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது யூனிட்டில். நடுவில் ஒரே ஒரு லைன். அது அறுந்தால் கம்பெனியே ஊமை என்று முதலாளியிடம் ஆறு மாசம் மன்றாடி இரண்டாவது லைனுக்குச் சம்மதம் வாங்கினாய். முதல் லைன் கேட்டுப் பக்கம் போகுது, இரண்டாவது சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பின்னால் சுத்திப் போகணும். காகிதத்தில் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டினாய். "ரெண்டும் ஒரே வழியில போனா அது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்" என்றாய். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி தலையாட்டினேன்.

தொட்டிக்குப் பின்னால் பாறை. ரெண்டு நாள் கடப்பாறை போட்டும் முழங்கால் ஆழம் இறங்கலை. மூணாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு நீ, முதலாளி, பாதி ஷெட்டு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்ட்டீங்க. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கேட்டுப் பக்கத்துப் பழைய பைப்பிலேயே இரண்டாவது கேபிளையும் நுழைச்சு இழுத்துட்டேன். தொட்டிக்குப் பின்னால் தோண்டின பள்ளத்தை மூடி, மேலே தண்ணி தெளிச்சு வச்சேன். நீ வந்து அதுக்குள்ளயா என்றாய். இருபது ஆள் வேலையை ஒத்த ஆளா முடிச்சேன் என்றேன். என் தோளைத் தட்டிக்கொடுத்தாய்.

அடுத்த வாரம் முதலாளி முன்னாலேயே ஒரு லைனைப் பிடுங்கிக் காட்டினாய். இன்னொன்னு ஓடிச்சு. அவர் கை தட்டினார். இனிமே இடி விழுந்தாலும் நிக்காது சார் என்று நீ வாக்குக் கொடுத்தாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

இடி விழலை. கேட்டுப் பக்கம் கழிவுத்தண்ணிக் குழாய் போட ஜேசிபி வந்துச்சு. ஒரே இழுப்பு. ரெண்டு நாள் புது யூனிட்டில் ஒரு பேப்பரும் எடுக்க முடியலை, கன்டெய்னர் கப்பலை விட்டுட்டது. நீ பள்ளத்துக்குள் இறங்கி, அறுந்த பைப்பைத் தூக்கிப் பார்த்தாய். உள்ளேயிருந்து ரெண்டு கேபிளும் நாக்கு மாதிரி தொங்குது. என்னை நிமிர்ந்து பார்த்தாய். எத்தனை நேரம் பார்த்தாய் என்று கூட்டிச் சொல்ல எனக்கு மனசு வரலை. முதலாளி மேலிருந்து, இன்னாய்யா ஆச்சு என்று கத்தினார்.

"என் பிளான்தான் சார் தப்பு" என்றாய்.

அவ்வளவுதான். சர்வர் ரூம் சாவியை உன்னிடமிருந்து வாங்கிட்டார். கேட்டில் லாரி நம்பர் எழுதுற வேலை கொடுத்தார். கேட்டைத் தாண்டும்போதெல்லாம் உன்னிடம் ஏதாவது சொல்லணும் என்று வருவேன், சினிமாக் கதை பேசிட்டுப் போவேன். நீயும் சிரிச்சாய். நாலு மாசத்தில் வேலையை விட்டாய். அப்புறம் கிட்னி, ஆஸ்பத்திரி. கடைசி முறை பார்க்க வந்தப்பவும் அந்தப் பைப் பத்தி நீ கேக்கலை, நானும் சொல்லலை.

உன்னை அடக்கம் பண்ணின அன்னிக்கு முதலாளி என் பக்கத்தில் நின்று, "நல்ல மனுஷன், அந்த ஒரு பிளான்ல கோட்டை விட்டுட்டான்" என்றார். நான் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன்.

இன்னிக்கு மறுபடி அதையே சொன்னார் பாய். மூணாவது ஷெட்டுக்கு லைன் போடணுமாம், அந்த பாய் போட்ட மாதிரி போட்டுடாதே என்றார். எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஜும்மா, பாறை, பைப், தெளிச்ச தண்ணி வரைக்கும். ஒரு சொல் கூட்டலை, குறைக்கலை.

அவர் கேட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "செத்துப்போன தோஸ்துக்காகப் பழிய நீ ஏத்துக்கிறியா? முதலை கதை விட்ட ஆளுதானே நீ. பெரிய மனசுய்யா உனக்கு." சாயங்காலத்துக்குள் ஷெட்டு பூரா அதைச் சொல்லிட்டார். டீக்கடையில் ரெண்டு பேர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாங்க.

உட்கார்ந்தேன் பாய். டீயும் குடிச்சேன்.