இருபது மூஞ்சிப் பகடையும் காப்பிக் கம்பும்

20-7 ஞாயிறு

சாரல். காலையிலருந்து மலை தெரியல. போட்ட துணி எதுவும் காயல.

வெக்கத்த விட்டு எழுதுறேன். இல்லாத ஒரு மோதிரத்துக்காகக் கூடப்பொறந்த அண்ணன்கிட்ட போன ஞாயித்துக்கிழமையிலருந்து பேசல. விளையாட்டுல வர்ற மோதிரம். போட்டா நெருப்புச் சுடாது. அடுப்படியிலயே கெடக்கிறவ நானு, எனக்குத்தான்னு கேட்டேன். அண்ணன் எடுத்துக்கிருச்சு. அது வாழ்நாள்ல ஒரு சுடுதண்ணி வச்சது கெடையாது. இன்னைக்கு வாழக்கா பஜ்ஜி வாங்கிட்டு வந்துச்சு. பேசிட்டேன். மோதிரம் இன்னமும் அதுகிட்டத்தான் இருக்கு.

எனக்கு வயசு நாப்பத்தெட்டு.

விளையாட்டக் கொண்டாந்தது பக்கத்து வீட்டு நசீமா. கோயமுத்தூர்ல படிச்சிட்டு வீட்டுலருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற புள்ள. அவ கதை சொல்லுவா, நாங்க கதைக்குள்ள ஆளா இருப்போம். என்ன செய்யப் போறோம்னு வாயால சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். இருபது மூஞ்சிப் பகடை, பச்சக் கலரு. அண்ணன் செல்லத்துரை வாள் புடிச்ச வீரன். நான் மந்திரக்காரி, பொருளுக்கு மந்திரம் ஏத்துறவ. எங்க வீட்டுக்காரரு கள்ளன். கோட்டைச் சுவரேறிக் குதிச்சு ஓடுற எளவட்டம்.

நெசத்துல அவுக கட்டில்லருந்து கக்கூசு வரைக்கும் சுவத்தப் புடிச்சுத்தான் போறாக. எஸ்டேட்டு மண்ரோட்டுல மழைக்கு ஓரம் சரிஞ்சு அவுக ஓட்டுன ஜீப்பு கவுந்துச்சு. ஆளுகள எறக்கிவிட்டுத் திரும்புன வண்டி, அதனால அடி அவுக ஒருத்தரோட நின்னுச்சு. தொடையில தகடு. அவுகளுக்குப் பொழுது போகட்டும்னுதான் நசீமா இத ஆரம்பிச்சா.

மந்திரப் பொருள் விதி. மறந்து மறந்து போகுது, அதனால எழுதி வைக்கிறேன்:

- கையில கெடச்ச ஒடனே வேலை செய்யாது. வச்சுக்கிட்டு ஒரு பொழுது சும்மா ஒக்காந்திருக்கணும். அது நம்மளப் பழகணும், நம்ம அதப் பழகணும்.
- ஒரு ஆளுக்கு மூணு பொருள்தான் பழகும். நாலாவது ஒட்டாது. (எனக்கு வீட்டுக்காரரு, அண்ணன், ஏலக்கா பொறுக்குற சொளகு. எடம் காலி இல்ல.)
- உள்ள இத்தன தடவைக்குன்னு சக்தி. எடுத்தா கொறையும், விடிஞ்சா கொஞ்சம் ஊறும். கெணறு மாதிரி.
- கடைசிச் சக்தியையும் எடுத்துட்டா பகடை உருட்டணும். ஒண்ணு விழுந்தா பொருளு தூளு.
- புதுசாச் செய்யணும்னா மூலப்பொருள் லேசுல போக முடியாத எடத்துலருந்து வரணும். அது என்ன செய்யும்னு செய்யுறவதான் சொல்லணும். ஒரே ஒரு காரியம்.

அண்ணன் நசீமாகிட்ட: "வாங்குனா வேலை செய்யணும். ஒக்காந்து பழகுறதென்ன, பொண்ணு பாக்கவா போறோம்?"

"புது ஜீப்ப மொத நாளே லோடு ஏத்தி மலைக்கு விடுவீங்களா பெரியப்பா?"

அண்ணன் பஜ்ஜி எடுத்துக்கிருச்சு.

22-7 செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டரு படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. எலும்பு கூடிருச்சாம். இனிமே கம்பு ஊனித் தெருவுல நடக்கணும், தெனமும். வீட்டுக்குள்ளயே கெடந்தா முட்டி இறுகிப் போகும், அப்பறம் ஜீப்புல ஏறிப் பெடலு மிதிக்கிறத மறந்துற வேண்டியதுதான்னாரு. இத மட்டும் அவரு மெதுவாச் சொன்னாரு.

ஆட்டோவுல வரும்போது அவுக: "கம்ப ஊனிக்கிட்டு ஜீப்பு ஸ்டாண்டு முன்னாடி நான் போகணுமாக்கும்."

"போனா என்ன, ஸ்டாண்டுல இருக்கவுக மயங்கி விழுந்துருவாகளா?"

"ஒனக்கு எல்லாம் கேலி."

கேலிதான். வேற என்ன தெரியும் எனக்கு.

மத்தியானம் ஏலக்கா கடையிலருந்து கூலிக்குப் பொறுக்க மூடை வந்துச்சு. பொறுக்குனேன். கருத்தது, வெடிச்சது, வெளுத்தது தனி. நல்ல பச்சை தனி. பொறுக்கும்போதுதான் எனக்கு யோசனை வரும். இன்னைக்கு வந்ததெல்லாம் கருத்தது.

25-7 வெள்ளி

அண்ணன் லோடு எறக்க மலைமேல குரங்கணி வரைக்கும் போயிட்டு ஒரு காப்பிக் கம்பு வெட்டிக் கொண்டாந்திருக்கு. நல்ல வைரம். தலை தானா வளைஞ்சு கைப்புடி மாதிரி இருக்கு. பட்டை சீவி, எண்ணெ தடவி, பேச்சே இல்லாம நீட்டுச்சு. அவுக பாக்காத மாதிரி டிவி பாத்தாக. டிவி அமத்தியிருந்துச்சு.

கம்பக் கதவு மூலையில சாத்தி வச்சேன். சாயங்காலம் அதுல துண்டு காயுது. அவுகதான் போட்டிருக்காக.

பால்காரருகிட்ட அரை லிட்டரு போதும்னு சொல்லணும்.

27-7 ஞாயிறு

காத்து. தகரம் ரெண்டு எடத்துல தூக்கிருச்சு.

இன்னைக்குக் கதையில கோட்டை. கள்ளன் சுவரேறுறான். அவுக பகடை உருட்டுனாக. ஒண்ணு.

நானும் அண்ணனும் ஒரே குரல்ல "தாயம்"னு கத்திட்டோம். சின்னதுலருந்து தாயம் ஆடுன கை, ஒண்ணு விழுந்தா வாய் தானாச் சிரிக்கும். நசீமா மொகம் மட்டும் சுருங்கிப் போச்சு. இந்த விளையாட்டுல ஒண்ணுதான் இருக்கறதுலயே கேடு. கள்ளன் மேலருந்து விழுந்துட்டான். காலு ஒடிஞ்சு போச்சு.

நசீமா மெதுவா, "மாமா, கையில மருந்து ஒண்ணு இருந்துச்சுன்னு வச்சுக்குவோம்."

"அதெல்லாம் வேணாம். விழுந்தது விழுந்ததுதான். மந்திரக்காரி பக்கத்துலதான நிக்கிறா, அவ பாக்கட்டும்."

நல்லா சிரிச்ச மொகமாத்தான் சொன்னாக. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"மருந்து காய்ச்சத் தெரியாது. மந்திரக் கம்பு செஞ்சு தர்றேன்."

"கம்பா."

"கம்புதான். ஊனுன எடத்துல தரை சரியாது. அதான் அதோட காரியம். மூலப்பொருளு குரங்கணியிலருந்து வந்தாச்சு."

அண்ணன் சிரிச்சுருச்சு. அவுக சிரிக்கல.

"இங்க ஒரு எடத்துலதான் ஓடிக்கிட்டிருந்தேன். இங்கயும் கம்பக் குடுத்துட்ட."

சுவத்தப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டாக. நசீமா பகடைய டப்பாவுல போட்டா. மத்தியானச் சாப்பாடு மிச்சம்.

28-7 திங்கள்

தரை சரியாதுன்னு நான் ஏன் சொன்னேன்னு யோசிச்சேன். முன்கூட்டி நெனச்சது இல்ல. வாயில வந்துச்சு. அப்படின்னா உள்ள இருந்திருக்கு. அந்த ரோட்டோரம் சரிஞ்ச அன்னைக்கே உள்ள போய் ஒக்காந்துருச்சு போல. ஆனா அவுக காதுல விழுந்தது கம்புங்கிற ஒத்தச் சொல்லுதான். நான் கேலி பேசியே பழகுனவ, அதனால நெசமாச் சொன்னாலும் கேலியாத்தான் கேக்குது. இது என் தப்பா, அவுக காதான்னு தெரியல.

நசீமா சுவத்து மேல எட்டிப் பாத்தா. "அத்தை, நீங்க செஞ்சது விதிப்படி சரிதான். ஒண்ண மட்டும் விட்டுட்டீங்க. செய்யுறவங்க செய்யலாம், குடுக்கலாம். பழகுறது வாங்குறவங்க பாடு. அதுல நம்ம கை வைக்க முடியாது."

"வச்சா?"

"அது சாபப் பொருளாயிரும். கையை விட்டும் போகாது, உதவவும் செய்யாது."

சரின்னுட்டேன்.

பேசக்கூடாதது: கம்பு, காலு, டாக்டரு, ஸ்டாண்டு.
பேசலாம்: கொழம்பு, காத்து, அண்ணன் வாங்குன பனியன்.

எழுதி வச்சாத்தான் செய்வேன்.

29-7 செவ்வாய்

கொழம்பு பத்திப் பேசுனோம். காத்து பத்திப் பேசுனோம். பனியனும் முடிஞ்சு போச்சு.

31-7 வியாழன்

ரேஷன். அரிசி கெடச்சது, சீனி நாளைக்கு வரச்சொல்லிட்டாக. வெரசாத் திரும்பிட்டேன்.

கதவு பாதி தொறந்து இருந்துச்சு. அவுக நாற்காலியில. மடியில கம்பு. துண்ட மடிச்சுக் கட்டில்ல வச்சிருக்காக. நடக்கல, எந்திரிக்கல, ஒண்ணும் செய்யல. கம்பு மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு வெளிய பாத்து ஒக்காந்திருக்காக. வெரல் மட்டும் கைப்புடியத் தடவுது.

என்னப் பாக்கல.

செருப்பக் கழட்டாம அப்படியே பின்னால வந்து, அரிசிப் பையோட நசீமா வீட்டுக்குப் போயிட்டேன். அவங்கம்மா, "என்னக்கா, அரிசி எங்களுக்கா?" ன்னாக. "சும்மா வந்தேன்"னேன். டீ குடுத்தாக. ஒரு பொழுதுன்னா எவ்வளவு நேரம்னு நசீமாகிட்டக் கேட்டேன். அவ ஏன்னு கேக்கல. "இன்னொரு டீ குடிங்க அத்தை"ன்னா.

வீட்டுக்கு வந்தப்ப கம்பு மூலையில இருந்துச்சு. துண்டு அதுல இல்ல. நான் கொழம்பப் பத்திப் பேசுனேன். என் ஆயுசுல நான் பாத்த பெரிய சோலி இதுதான்.

3-8 ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளியோதரை, தயிர்ச்சோறு. நசீமா வீட்டுக்கு ஒரு தூக்கு.

சாப்புட்டு முடிச்சதும் அவுக தானா வந்து பாயில ஒக்காந்தாக. "எங்க என் கம்பு?"

விளையாட்டுக் கம்பத்தான் கேட்டாக. நசீமா வாயாலயே எடுத்துக் குடுத்தா. "பழகிட்டீங்களா மாமா?"

"பழகிட்டேன்."

அண்ணன் என்னப் பாத்துச்சு. நான் ஏலக்காயப் பாத்தேன். சீசன்னால கடையில ஞாயித்துக்கிழமையும் லோடு. மடியில சொளகு, பக்கத்துல நல்ல காய் போடுற மூடை வாய் தொறந்து, பொறுக்கிக்கிட்டேதான் ஆடுறேன்.

கதையில மழை. மலை சரியுது. வீரனும் மந்திரக்காரியும் சரிவுக்கு நேர் கீழ. கள்ளன் மட்டும் பாறை மேல, அவன் தப்பிச்சுக்கலாம். கம்புல ஒரே ஒரு சக்திதான் மிச்சம். ஊனுனா மண்ணு நிக்கும். அப்பறம் பகடை உருட்டணும், ஒண்ணு விழுந்தா கம்பு தூளு.

"ஊனுறேன்."

நசீமா முழுசாச் சொல்லி முடிக்கல. அதுக்குள்ள நெசமாவே கையத் தரையில ஊனிட்டாக. மண்ணு நின்னுச்சு. நான் பொறுக்குறத நிறுத்திட்டேன்.

பகடை. அவுக உருட்டுன வேகத்துக்கு, உருட்டுறதுக்கு வச்சிருக்க தட்டு விளிம்புல பட்டுத் தெறிச்சுப் போச்சு. பாயில இல்ல. கட்டிலுக்கடியில வெளக்கமாறு விட்டோம். அண்ணன் பாயை வாசல்ல போய் ஒதறுச்சு. நடுவுல கடை ஆட்டோ வந்து, மூடையக் கட்டி எடுத்துட்டுப் போச்சு. திரும்பத் தேடுனோம். டீ குடிச்சுட்டுத் தேடுனோம். சொளகுல ஒட்டியிருந்த நாலு காயத் தட்டும்போதுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பச்சக் காய். பச்சப் பகடை. பக்கத்துல வாய் தொறந்த மூடை.

சொன்னேன்.

நசீமா: "வேற பகடை இருக்கு மாமா. மறுபடி உருட்டிக்கலாம்."

"மறுபடியெல்லாம் இல்ல. அது விழுந்தாச்சு. என்ன விழுந்துச்சுன்னு பாக்கணும். என் கம்பு இருக்கா தூளான்னு தெரியணும்ல?"

"ஒண்ணுன்னா தாயம்தான மாப்ளே," அண்ணன்.

மூடை ஆட்டோவுல குலுங்குன குலுக்கத்துக்குப் பகடை எத்தனை தடவ பெரண்டிருக்கும்னு சொல்ல வாயத் தொறந்தேன். மூடிட்டேன்.

அவுக எந்திரிச்சாக. சுவத்தப் புடிக்கல. மூலையிலருந்து காப்பிக் கம்ப எடுத்தாக. செருப்பு. வாசப்படி. தெரு.

"யாரும் வரவேணாம்."

ரெண்டு வீடு விட்டு நாங்க மூணு பேரும் பின்னாலயே போனோம். கம்பு, நல்ல காலு, தகட்டுக் காலு. மறுபடி கம்பு. ஜீப்பு ஸ்டாண்டுல ஏழெட்டுப் பேரு. அவுக கூட வண்டி ஓட்டுன ஒருத்தரு, "என்னண்ணே, கம்போட?"

"பகடை தேடப் போறேன். தள்ளு, வெரசாப் போகணும்."

கேட்டவரு தள்ளி நின்னாரு. என் கையில சொளகு இருந்தத அப்பத்தான் பாத்தேன். அதயும் தூக்கிக்கிட்டேதான் நடந்திருக்கேன்.

அவுக நடைக்குக் கடை போய்ச் சேர நேரமாச்சு. எங்க மூடையச் சலிச்சு முடிச்சுட்டாக. சின்னது சல்லடைக்குக் கீழ விழுகும், பெருசு மேல நிக்கும், மேல நின்னது மொதல் தரம். சலிச்சவருக்கு ஞாபகம் இருக்கு. ஒண்ணு மட்டும் நல்ல பெருசா நின்னுச்சாம். இந்த வருசம் காய் நல்லா வெளைஞ்சிருக்குன்னு நெனச்சாராம். மொதல் தரத்தோட சேத்து மூடை தைச்சு லோடு ஏத்தியாச்சு. லாரி தேனி தாண்டியிருக்கும்னாரு. விளையாட்டுக் கம்பு இருக்கா தூளான்னு இனிமே தெரியாது, காப்பிக் கம்பு அவுக கையில இருக்கு.