நீ திருத்திச் சொன்ன பதில்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும்; கேட்டுவிட்டேன். உன் அத்தான் நன்றாகச் சாப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்.

நேற்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மறதி நோயாம், நன்றாக முற்றிவிட்டதாம். இந்தத் தடவை நம் பாஷை தெரிந்த ஒரு நர்ஸ் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ எங்களைக் கூட்டிப்போனாயே, அந்தப் பரிசோதனைக் காகிதத்தை வரி வரியாகப் படித்துச் சொன்னாள். இன்று என்ன கிழமை: சரி. என்ன வருஷம்: சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தது: எல்லாம் சரி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும் அந்த அறையில்தானே உட்கார்ந்திருந்தேன்! வெள்ளிக்கிழமையை அவர் ஞாயிறு என்றார். வருஷம் கேட்டதற்கு எங்கள் கல்யாண வருஷத்தைச் சொன்னார். கழித்தலில் இரண்டாவது எண்ணிலேயே நின்றுவிட்டார். நீ டாக்டரிடம் அவர்கள் பாஷையில் என்ன சொன்னாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. "அத்தான் தேறிட்டாரு அக்கா, ஒண்ணுமில்ல" என்று வெளியே வந்து சொன்னாய். நம்பினேன்.

ஏன்டா இப்படிச் செய்தாய்? மூத்தவரை அன்னியன் முன்னால் முட்டாளாக்கக் கூடாது என்று நினைத்தாயா? வேலியே பயிரை மேய்ந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

டாக்டரை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. "உங்க ஆளுங்களுக்கு வயசானா இப்படித்தான், குடும்பம் பாத்துக்கும்" என்று அவர் சொன்னதாக நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எதிர்வீட்டு வாத்தியார் அந்த டாக்டரின் இனத்தவர். அதே டாக்டர், அதே மறதி. சாவியைத் தொலைத்ததற்கே அவரைத் தலைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அந்த மாதமே மாத்திரை தொடங்கியது. வாத்தியார் இன்றும் தன் செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றுகிறார். நமக்கு மொழிபெயர்க்க ஒரு ஆளைக்கூட அந்த டாக்டர் கூப்பிடவில்லை. அவர் யாரோ. நீ என் இடுப்பில் வளர்ந்தவன்.

மறதி என்று சந்தேகப்பட்டு வண்டி ஓட்ட விடாமல் நிறுத்தி வைத்திருந்த டிப்போவில், அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் மறுபடியும் அவர் கையில் பஸ்ஸைக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஆறாம் மாதம், வழி தெரியாமல் ஆட்களோடு பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். "கடமையில் அலட்சியம்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். இன்றும் காலையில் யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்கிறார். எந்த மானத்தைக் காக்க நீ பொய் சொன்னாயோ, அந்த மானம்தான் போனது.

அந்தப் பதில்கள் அவருடையவை அல்ல என்று தெரிந்தால், நோய் அப்போதே இருந்தது என்று புது டாக்டர் எழுதித் தருவாராம். டிப்போவில் அந்த அலட்சியம் என்ற வார்த்தையை அடித்துவிடச் சொல்லிக் கேட்கலாம். சாட்சி நீ ஒருவன்தான். அவர் சொன்னது என்ன, நீ சொன்னது என்ன, இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மழுப்பாதே.

என் கோபம் தீரவில்லை. ஆனாலும் நீயும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். நேற்று அந்த நர்ஸ், உங்களுக்கு நெருக்கமானவர் யார் என்று அவரிடம் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெயர் அவருக்கு வரவில்லை. "என் மச்சான் இருக்கான், அவன் எல்லாம் சரியா சொல்லிடுவான்" என்றார். அவள் அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் டாக்டரிடம் சொன்னாள்.

இன்னும் உன்
அக்காதான்