நாற்பது என்பது வேகம்

ஸ்டான்லி அண்ணனுக்கு,

உன்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன்.

குக்கரில் சோறு இருக்கிறது. வெஞ்சனம் முட்டைப் பொரியல். எல்லாவற்றையும் நீயே தின்றுவிடாமல் அம்மாவுக்குப் பாதி வை.

வண்டிச் சாவியைத் தேடாதே. என்னிடம் இருக்கிறது.

இன்ஜினில் புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தபோது மெக்கானிக் சூசைராஜ் நம் இருவரிடமும்தான் சொன்னார்: "பிஸ்டன் பழகுற வரைக்கும் நாப்பதுதான் அப்பு." அவர் சொன்னது வேகத்தை. நீ தூரம் என்று எடுத்துக்கொண்டாய். ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டு, "பழகிருச்சுடா, ஏறு" என்று உன் கூட்டாளி பாண்டியராஜைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கொடைரோட்டுக்கு எண்பதில் போனாய். இன்ஜின் கொதித்து நடுவழியில் நின்றது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொன்னாய்? "இவ ஓட்டித்தான் கெடுத்திருக்கா. பொட்டப்புள்ளைக்கு வண்டி எதுக்கு?" நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நான் ஒரு நாளும் நாற்பதைத் தாண்டவில்லை. சூடானால் உலோகம் விரியும். பள்ளிக்கூடத்தில் நீயும் படித்த பாடம்தான்.

இன்னொரு முறை இப்படிச் சூடானால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் சூசைராஜ். இனி வண்டியைத் தொடாதே.

சகாயசெல்வி

அம்மாவின் மாத்திரை ஃப்ரிட்ஜ் மேலே. சாப்பிட்ட பிறகு கொடு.

இன்னும் ஒன்று. இன்ஜினுக்குப் புது பிஸ்டன் போட்டது உனக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேடசந்தூர் மில் லேபில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு பஸ் கிடையாது. இன்றைக்குச் சேருகிறேன்.