கறுத்துப்போன அலுமினியச் சட்டி

செவ்வாய், இரவு.

என் மனைவி ஜெயந்தி கோபித்துக்கொண்டு ஆத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. இன்று அவளுடைய அலுமினியச் சட்டியில் முட்டை வேகவைத்தேன். உள்பக்கம் கறுத்துவிட்டது. சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தேன். இன்னும் கறுத்தது. அவள் பார்த்தால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

சட்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அவளே கூப்பிட்டாள்.

"அதுல எதுக்கு சோடா உப்பு போட்டீங்க? புளியக் கரைச்சு ஊத்தி செத்த நேரம் கொதிக்க விடுங்க."

"லைன்லயே இரு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். கொதிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை. அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"போயிருச்சா?"

புளித்தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். சட்டி பளிச்சென்று இருந்தது.

"முழுசாப் போகல," என்றேன்.

"சரி, அப்படியே வைங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. வந்து சட்டியைப் பார்த்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. தூக்கம் கண்ணைச் சொக்குகிறது.