வெள்ளிக் கையுறை

மார்ச் 2, சனி

இன்றைய பனி ஹாக்கி ஆட்டத்தில் நம் கோலை நோக்கி முப்பத்தொரு அடி வந்தது, மிஸ்கா ஒன்றைத்தான் விட்டான். ஜெயித்தோம். இந்த வருஷம் வெள்ளிக் கையுறை என் பேரனுக்குத்தான் என்று பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள். நாட்டில் உள்ள கோல் காப்பாளர்களில் ஒருத்தனுக்குத்தான் அது, வருஷத்துக்கு ஒரு தடவை. வருகிற அடிகளில் நூற்றுக்கு எத்தனை தடுத்தான் என்று கணக்கு போட்டு, அதிகம் தடுத்தவனுக்கு. மேற்குக் கரை அணிக்காரன் ஒருத்தன் மயிரிழை பின்னால் வருகிறான். வரட்டும். இன்னும் மூன்றே ஆட்டம்.

பக்கத்து வீட்டுத் தைமி காபிக்கு வந்தாள். "ஹில்யா, உன் மூக்கு கூரையை இடிக்குதுடி" என்றாள். இடிக்கட்டுமே. எனக்கு ஒரே பேரன்.

மார்ச் 5, செவ்வாய்

மிஸ்கா ஆடவில்லை. அரங்கத்து ஒலிபெருக்கியில், "உடம்பின் கீழ்ப்பகுதியில் காயம்." இதற்கு மேல் எந்த அணியும் சொல்லாது. நாமும் கேட்பதில்லை. போன் போட்டேன். "தொடைப்பக்கம் இழுத்துக்கிச்சு பாட்டி, கவலைப்படாதே" என்றான்.

இரண்டாவது காப்பாளன் எல்மெரி நின்றான். முப்பத்தாறு வயது. இந்த வருஷம் அவனை நாலு தரம் நிறுத்தியிருப்பார்களா? ஆறு கோல் வாங்கினான். தோற்றோம். மீதி இரண்டில் ஒன்றையாவது ஜெயிக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

மார்ச் 9, சனி

இன்றும் தோல்வி. "சல்லடை! சல்லடை!" என்று கூட்டம் எல்மெரியைப் பார்த்துக் கத்தியது. தைமியும் கத்தினாள். நான் மிஸ்காவின் கால் சீக்கிரம் ஆறவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மிஸ்கா வந்தான். ஏரியில் மீன் பிடிக்கலாம் என்றான். கால் வலிக்குமே என்றேன், காற்று பட்டால் நல்லது என்றான். பன்னும் காபி பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். துரப்பணத்தைச் சுழற்றி ஏரி மேல் உறைந்த பனியில் ஓட்டை போட்டான். பிறகு உள்ளே எட்டிப் பார்க்க மண்டி போட்டான் பாருங்கள் — காப்பாளர்கள் போடும் மண்டி. முட்டி இரண்டும் ஒட்டி, கீழ்க்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து. தொடையில் இழுத்துக்கொண்டவன் அப்படி விழமுடியுமா? விழுந்தான். எழுந்தான், கை ஊன்றாமல். இன்னொரு ஓட்டை. மறுபடி விழுந்தான்.

"காயம் எங்கேடா?"

"கீழ்ப்பகுதின்னு சொன்னாங்களே பாட்டி."

"கீழ்ப்பகுதின்னா? கட்டைவிரலா?"

சிரித்தான். ஆமாம், சிரிச்சான்! "எல்லாரும் செய்யறதுதான் பாட்டி. இப்ப போய் நின்னு நாலு கோல் விட்டா கணக்கு இறங்கிடும். கையுறை கைக்கு வந்துட்டா சுவிட்சர்லாந்து அணிக்காரன் என்னை எடுத்துக்குவான். கோச்சுக்கும் தெரியும்."

"எல்மெரிக்கு?"

"தெரியும். ரெண்டாவது காப்பாளன் வெளியில பேசமாட்டான். அதுதான் வழக்கம்."

"அவனை ஊரே காறித் துப்புதேடா."

"அவனுக்குப் பழக்கம்தான்."

"செவ்வாய்க்கிழமை நீ போய் நில்லு."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதுதான். அஞ்சாங் கிளாஸோட நின்னவளுக்கு என்ன புரியும்? குளிர் ஏறாமல் இருக்கட்டும் என்று இத்தனை வருஷம் கம்பளிக் காலுறை பின்னிப் போட்டேனே, அந்தக் கால்.

நாலு மீன் பிடித்து என் சமையலறைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனான். சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். முடியவில்லை. அப்படியே பூனைக்குப் போட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

போயிருக்கக் கூடாது. கடைசி நிமிஷத்திலாவது வந்து நிற்பான் என்று ஒரு நப்பாசை.

வந்திருந்தான். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு மேலே கண்ணாடி அறையில் இருந்தான். கீழே நம் அணி செத்துக்கொண்டிருக்கிறது, அவன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எதைப் பார்க்கிறான் என்று தெரியும். மேற்குக் கரைக்காரன் இன்று எத்தனை விட்டான் என்று.

எல்மெரி நாற்பதுக்கு மேல் தடுத்தான். முகமூடிக் கம்பியில் வட்டு ஒன்று பட்டுத் தெறித்தது. குலுக்கிக்கொண்டு மறுபடி நின்றான். நாலுக்கு மூன்று, கூடுதல் நேரத்தில் தோற்றோம். கீழ்ப்பிரிவு.

அவன் வெளியே போகும்போது எவனோ பீர்க் கோப்பையை அவன் மேல் எறிந்தான். சிரித்தார்கள். மேலே பார்த்தேன். என் பேரன் எவனுக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

சீ.

மார்ச் 14, வியாழன்

கடைக்குப் பால் வாங்கப் போனேன். கல்லாவில் எல்மெரியின் பெண்டாட்டி சாய்லா. எனக்குப் பின்னால் இரண்டு தடியன்கள். அதில் ஒருத்தன், "என்ன சாய்லா, உங்க வீட்டுச் சல்லடைல மாவு சலிக்கலாமா?" என்றான். இன்னொருத்தன், "மாவா? உருளைக்கிழங்கே விழுந்துடும்!" அவள் தலை நிமிரவில்லை. பால், ரொட்டி, வெண்ணெய் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என் பேரனுக்குக் கால்ல ஒண்ணும் இல்ல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை ஏரியில மண்டி போட்டு மண்டி போட்டு மீன் புடிச்சான். நான் பக்கத்துல இருந்தேன். கையுறைக்காக ஒளிஞ்சுக்கிட்டான். துப்பறதா இருந்தா அவன் மேல துப்புங்க. இல்லையா, அவனை வளத்தவ இங்கதான் நிக்கறேன்."

தடியன் தன் காலணியைப் பார்த்தான்.

"பை வேணுமா?" என்றாள் சாய்லா.

"வேண்டாம்மா, கொண்டு வந்திருக்கேன்."

சில்லறையைக் கொடுத்தவள் என் விரலைக் கொஞ்ச நேரம் விடவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 15, வெள்ளி

மிஸ்காவின் அம்மா, என் மகள் மெர்யா, போனில் அழுதாள். "பெத்த பொண்ணோட பிள்ளையை இப்படி நடுக்கடையில விக்கிறியே அம்மா, உனக்கே நல்லா இருக்கா?" நல்லா இல்லை. யார் சொன்னது நல்லா இருக்குன்னு?

மார்ச் 20

தைமி காபிக்கு வருவதில்லை. ஊருக்குள் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் வீதியின் அந்தப் பக்கம் போகிறார்கள். மிஸ்காவைப் பார்த்தால் மட்டும் இன்னும் கையெழுத்து கேட்கிறார்கள். பொய் சொன்னவனுக்குக் கையெழுத்து, உண்மை சொன்னவளுக்கு முதுகு. த்தூ.

மே 3, வெள்ளி

கொடுத்துவிட்டார்கள். மெர்யா வீட்டில் கேக் வெட்டி எல்லாரும் டிவி பார்த்தார்களாம். என்னையும் கூப்பிட்டாள், அவள் மனசு அப்படி. போகவில்லை. ஆனால் இங்கே பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக் கையுறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: "காயத்தோட போராடின நாட்கள்ல எனக்குத் துணையா இருந்தது என் பாட்டி."

காயத்தோட! என்னையும் அதில் இழுத்துவிட்டான். டிவியை அணைத்தேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தேன், ஏனென்று தெரியவில்லை.

போன் அடித்தது. அவன்தான்.

"பாட்டி, பாத்தியா?"

"பாத்தேன்."

"உன் பேரைச் சொன்னேன்."

"இனிமே சொல்லாதே."

போனை வைத்துவிட்டான்.

ஜூலை 28

மிஸ்கா சுவிட்சர்லாந்து போய்விட்டான். சொல்லிக்கொள்ள வரவில்லை. அழுதேன். அழுததால் எதுவும் மாறிவிடவில்லை.

செப்டம்பர் 14, சனி

கீழ்ப்பிரிவில் முதல் ஆட்டம். அரங்கத்தில் பாதி காலி. புதுக் காப்பாளனை வாங்க அணியிடம் வழியில்லை, அதனால் எல்மெரிதான் முதல் காப்பாளன். மார்ச்சில் சல்லடை என்ற அதே வாய்கள் இன்று அவன் பெயரைச் சொல்லிக் கூவின. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மிஸ்கா பெயர் போட்ட சட்டை அலமாரியிலேயே இருக்கிறது. பழைய கம்பளி மேலங்கியைப் போட்டுக்கொண்டு போய் என் இடத்தில், கோலுக்குப் பின்னால், உட்கார்ந்தேன். இரண்டாம் நிமிஷமே ஒருத்தன் தனியாகப் புகுந்து வந்தான். எல்மெரி மண்டியில் விழுந்து, ரப்பர் வட்டைத் தொடைக்குக் கீழே அமுக்கிக்கொண்டான். நான் எழுந்து நின்று கை தட்டினேன், உள்ளங்கை எரிய.

பக்கத்தில் யாரோ வெளியூர்ப் பெண், சின்னப் பிள்ளையோடு வந்திருந்தாள். "உங்க சொந்தமா அம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "எங்க காப்பாளன்."